ஆடிக்கூழும் மே மாதக் கஞ்சியும்: ஈழத்துப் போர் நினைவெழுத்தில் அன்றாட இன்பங்களின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துப் போர் நினைவெழுத்தை அணுகும் திறனாய்வுகள் இழப்பு, சாட்சியம், எதிர்ப்பு ஆகிய கருத்தாக்கங்களுக்கு முதன்மை அளித்துவந்துள்ளன. அவ்வெழுத்தில் இடையிடையே வரும் கூழ், திரைப்படம் போன்ற அன்றாட இன்பங்கள் பெரும்பாலும் பின்னணி விவரங்களாகவே கருதப்பட்டன. இழப்பின் அளவை அறிவதற்கு இவ்வின்பங்களே அளவுகோல் என இக்கட்டுரை வாதிடுகிறது. பரணி இலக்கியத்தின் களக்கூழ், யாழ்ப்பாணத்தின் ஆடிக்கூழும் ஒடியற்கூழும், பொருளாதாரத் தடைக்காலத்துத் திரைக்காட்சி, முள்ளிவாய்க்கால் கஞ்சி ஆகியவற்றை இணைத்து நோக்கி, நினைவுகூரல் கஞ்சியோடு மட்டும் நின்றுவிடும்போது மறைந்துபோவது எது என்னும் வினாவை இது எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: போர் நினைவெழுத்து, ஈழத்து இலக்கியம், உணவும் நினைவும், கூழ், முள்ளிவாய்க்கால் கஞ்சி, திரைப்படம், அன்றாட வாழ்வு

1. முன்னுரை

1985-இல் வெளிவந்த ஈழத்துக் கவிதைத் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘மரணத்துள் வாழ்வோம்’. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராஜன் ஆகியோர் தொகுத்த இந்நூல் ஈழத்து அரசியல் கவிதையின் திருப்புமுனையாக மதிக்கப்படுகிறது. இதன் தலைப்பில் இரு சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘மரணம்’ என்பதைப் பற்றித் திறனாய்வாளர்கள் மிகுதியாக எழுதியுள்ளனர். ‘வாழ்வோம்’ என்பது பெரும்பாலும் உறுதிமொழியாக, அரசியல் முழக்கமாக மட்டுமே பொருள்கொள்ளப்பட்டது. மரணத்தின் நடுவே மக்கள் எவ்வாறு உண்டனர், எதைப் பார்த்துச் சிரித்தனர், எதற்காகக் காத்திருந்தனர் என்னும் நேர்ப்பொருளில் அச்சொல் ஆராயப்பட்டது குறைவு. தொகுப்பாளருள் ஒருவரான யேசுராசா ‘அலை’ இதழின் ஆசிரியர். திரைப்படம் குறித்துத் தொடர்ந்து எழுதியவர். மரணத்தைப் பாடிய கவிதைகளைத் திரட்டிய கையும் திரைப்படத்தை நேசித்த கையும் ஒன்றாக இருந்தது தற்செயல் எனக் கொள்ளத்தக்கதன்று.

அன்றாட இன்பங்களைப் பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. இறந்தோரை நினைவுகூருமிடத்தில் உணவின் சுவையையும் திரைப்படத்தின் கிளர்ச்சியையும் பேசுவது பொருந்தாது என்னும் உணர்வு இயல்பானது. தப்பிப் பிழைத்தோரின் குற்றவுணர்வும் அதனுடன் சேர்கிறது. ஆயினும், இத்தயக்கம் திறனாய்வின் அளவுகோலாகவே மாறும்போது நினைவெழுத்தின் ஒரு பகுதி வாசிக்கப்படாமற் போகிறது. அப்பகுதியை வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மரபில் போரும் கூழும்

போரையும் கூழையும் இணைத்துப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப்போரைப் பாடும் செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’ போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடும் காட்சியில் உச்சம் பெறுகிறது. பசியால் வாடிய பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என வரிசையாக அனைத்துப் பேய்களுக்கும் வார்க்கின்றன. உண்டு களித்து வென்றவனை வாழ்த்துகின்றன. பரணியில் கூழ் வெற்றியின் உணவு. களத்தில் வீழ்ந்தோர் அதில் மூலப்பொருளாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

‘கூழ்’ என்னும் சொல்லின் பழைய பொருட்பரப்பும் இங்குக் கருதத்தக்கது. திருக்குறள் அரசனுக்குரிய ஆறு உறுப்புகளை எண்ணுமிடத்தில் கூழையும் ஒன்றாகக் கூறுகிறது. உரையாசிரியர்கள் அதனைப் பொருள், செல்வம் என விளக்குவர். உணவும் செல்வமும் ஒரே சொல்லில் அடங்கிய மரபு இது. எனவே கூழின் இழப்பு ஓர் உணவுவகையின் இழப்பு மட்டுமன்று. வாழ்வதற்கான பொருளின் இழப்பும் ஆகும்.

நவீன இலக்கியத்தில் இம்மரபு தலைகீழாகிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியாவில் நிகழும் நாவல். அதன் நாயகன் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்களும் ஊர்ச்சந்தையும் பேச்சும் உணவும் மீண்டும் மீண்டும் எழுகின்றன. போரின் பேரோசைக்குள் ஒரு தனிமனிதன் தன்னை இழக்காதிருக்கப் பற்றிக்கொள்ளும் பிடிகயிறாக அவை அமைகின்றன. வென்றோரின் களிப்பாக இருந்த உணவு இங்கு எப்பக்கமும் சேராத மனிதனின் நினைவாகிறது. ஈழத்து நினைவெழுத்து இத்திசையில் மேலும் ஓர் அடி செல்கிறது. அங்குப் பானை வீழ்த்தப்பட்டோரின் கையில் இருக்கிறது.

3. ஆடி: ஒரு மாதம், இரு நினைவுகள்

யாழ்ப்பாணத்தில் ஆடி முதல்நாள் ‘ஆடிப்பிறப்பு’ எனக் கொண்டாடப்படும். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி அல்லது சர்க்கரை சேர்த்துக் காய்ச்சும் இனிப்பான ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் அந்நாளுக்குரியவை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இந்நாளைக் குறித்துச் சிறுவர்க்காக இயற்றிய பாடல் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவருகிறது. விடுமுறையின் மகிழ்ச்சியும் அடுப்படியின் மணமும் குழந்தைகளின் எதிர்பார்ப்பும் அப்பாடலின் பொருள். ஈழத்தமிழரின் கூட்டு நினைவில் ஆடி என்னும் சொல் முதலில் குழந்தைகளின் சொல்லாகவே பதிவாயிற்று.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 24 இரவு கொழும்பில் தொடங்கித் தமிழர்மீது வன்முறை பரவியது. ஆடிப்பிறப்பு கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அரசியல் எழுத்தில் அது ‘கறுப்பு ஜூலை’ எனப் பெயர்பெற்றது. மக்கள் வழக்கிலோ ‘ஆடிக்கலவரம்’ என்னும் பெயரும் நிலைத்தது. இவ்விரு பெயர்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஜூலை என்பது நாட்காட்டியின் மாதம். அறிக்கைகளுக்கும் ஆவணங்களுக்கும் உரியது. ஆடி என்பது வீட்டின் மாதம். கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் உரியது. ‘ஆடிக்கலவரம்’ எனச் சொல்லும்போது வன்முறை வீட்டின் மாதத்துக்குள் புகுந்துவிட்டதை மொழியே பதிவுசெய்கிறது.

புலவரின் ஊரான நவாலியும் இதிலிருந்து தப்பவில்லை. 1995 ஜூலை 9 அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலிப் புனித பேதுரு பாவுலு தேவாலயப் பகுதியில் விமானக் குண்டுவீச்சு நிகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த ஆடிப்பிறப்புக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது. ஆடிக்கூழின் பாடல் பிறந்த ஊரும் அப்பெருந்துயரம் நிகழ்ந்த ஊரும் ஒன்றாயின. நவாலியைப் பற்றிய நினைவெழுத்து எதுவும் பாடலையோ குண்டுவீச்சையோ மட்டும் தனித்துப் பேசினால் அது பாதி நினைவாகவே அமையும். குண்டுவீச்சின் பொருளை உணர்வதற்கு, அவ்வூர்க் குழந்தைகள் அடுத்த வாரத்தில் எதை எதிர்பார்த்திருக்கக்கூடும் என்பதும் தெரியவேண்டும்.

1991-இல் மறைந்த கவிஞர் சிவரமணியின் ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ என்னும் கவிதை இவ்விடத்தில் துணைசெய்கிறது. போர்க்கால இரவுகள் குழந்தைகளை உரிய காலத்துக்கு முன்பே பெரியவர்களாக்கிவிடுவதே அக்கவிதையின் மையம். அங்குக் கணக்கிடப்படும் இழப்பு உயிரிழப்பன்று. குழந்தைமையின் இயல்பான மகிழ்ச்சி. மகிழ்ச்சியின் இழப்பையும் போரிழப்பாகவே எண்ணவேண்டும் என்பதை ஈழத்துக் கவிதை திறனாய்வுக்கு முன்பே உணர்ந்திருந்தது எனலாம்.

4. இருளும் திரையும்

கூழைப் போலவே திரைப்படமும் யாழ்ப்பாண வாழ்வில் கூடியிருத்தலின் வடிவமாக இருந்தது. ரீகல், வெலிங்டன், வின்சர், ராஜா, ராணி, மனோகரா முதலிய திரையரங்குகளின் பெயர்கள் ஒரு தலைமுறையின் நினைவில் தெருப்பெயர்களைப் போலவே நிற்கின்றன. தமிழகப் படங்களே பெருவழக்காக இருந்த அச்சூழலில் ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) ஆகியவை ஈழத்து வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தன. 1983 வன்முறையில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழரான கே. குணரத்தினத்துக்கு உரிமையான அப்படப்பிடிப்பு நிலையம் சிங்களத் திரைத்துறையின் வளர்ச்சியிலும் பங்களித்திருந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்ததைப் பற்றிப் பேசும் நினைவெழுத்து, கேளிக்கையின் கருவிகளும் எரிந்ததைப் பெரும்பாலும் கடந்துசெல்கிறது.

1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியவை பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கும், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலியும், மண்ணெண்ணெயில் ஓடிய உந்துருளியும் அக்காலத்தைப் பற்றிய எல்லா நினைவுகளிலும் உள்ளன. மின்பிறப்பாக்கிக்கு அயலவர் பணம் சேர்த்து, வீடியோ டெக் கொண்டுவந்து, முற்றத்தில் பாய்விரித்து இரவில் படம் பார்த்ததும் அவற்றோடு சேர்ந்தே நினைவுகூரப்படுகிறது. இத்தகைய காட்சிகளைத் தப்பித்தல் எனத் திறனாய்வு எளிதில் ஒதுக்கிவிடும். அவ்வாறு ஒதுக்குமுன் அதற்கு எவ்வளவு உழைப்பும் கணக்கும் தேவைப்பட்டன என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். எரிபொருளைச் சொட்டுச்சொட்டாகச் சேமித்து மூன்று மணிநேரம் கதை பார்த்த சமூகம் தனக்கு உயிர்பிழைத்தல் மட்டும் போதாது என்று கூறுகிறது. மிகை எனக் கருதப்படும் ஒன்றைத் தேவையாக வரையறுக்கும் உரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை. விடுதலை இயக்கத்தின் திரைத்துறைப் பிரிவான ‘நிதர்சனம்’ போரையும் தியாகத்தையும் பொருளாகக் கொண்டு ஆவணப்படங்களும் குறும்படங்களும் உருவாக்கிய காலத்திலேயே, மக்கள் தம் முற்றங்களில் வேறு கதைகளையும் நாடினர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே அக்காலத்துப் பார்வையாளரை முழுமையாக அறியும் வழி.

5. பானை யாருடையது?

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழும். அன்றாட இன்பங்களின் நினைவு பொற்கால ஏக்கமாகத் திரிந்து, அவ்வாழ்வின் ஒடுக்குமுறைகளை மறைத்துவிடாதா? இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. ஒடியற்கூழையே எடுத்துக்கொள்ளலாம். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை ஆகியவற்றை ஒரே பானையில் இட்டு, ஒடியல் மாவைக் கரைத்துச் சேர்த்து, புளியும் உறைப்பும் கூட்டி, சுற்றமாக அமர்ந்து பிளாவில் வார்த்துக் குடிக்கும் உணவு அது. ஒற்றுமையின் உருவகமாக அது பலமுறை கையாளப்பட்டுள்ளது. ஆனால், அப்பானையைச் சுற்றி யார் அமர முடிந்தது? 1960-களில் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்காகவே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட நேர்ந்தது. சங்கானையிலும் 1968-இல் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த போராட்டங்கள் இதற்குச் சான்று. கே. டானியலின் ‘பஞ்சமர்’ அந்த யாழ்ப்பாணத்தையே எழுதுகிறது. பரணியின் பேய்கள்கூட ஒரே கூழைப் பகிர்ந்துகொண்டன. யாழ்ப்பாணத்து மனிதர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் உணவையும் திரையையும் ஒப்பிடுவது பயன்தரும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலை அரங்கு சினிமாக் கொட்டகையே எனவும், அங்கு இருக்கை சாதிப்படிநிலையால் தீர்மானிக்கப்படாமல் செலுத்தும் பணத்தால் தீர்மானிக்கப்பட்டது எனவும் கா. சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தமது ஆய்வில் சுட்டினார். அவ்வகையில், கேளிக்கை என ஒதுக்கப்பட்ட திரையரங்கு, பண்பாடு எனப் போற்றப்பட்ட கூழ்ப்பானையைவிடச் சனநாயகத் தன்மை மிக்கதாக இருந்திருக்கிறது. இன்பங்களை நினைவுகூர்வது ஒடுக்குமுறையை மறைக்கவேண்டும் என்பதில்லை. எந்த இன்பம் யாருக்குத் திறந்திருந்தது எனக் கேட்டால் அது ஒடுக்குமுறையின் வரைபடத்தையே காட்டித்தரும்.

பால்வேறுபாடும் இவ்வாறே நோக்கத்தக்கது. எஸ். பொன்னுத்துரையின் ‘நனவிடை தோய்தல்’ 1992-இல், குடாநாடு தடையின்கீழ் இருந்த காலத்தில் வெளிவந்தது. போரை நேரடிப் பொருளாகக் கொள்ளாமல் பழைய யாழ்ப்பாணத்தின் உணவையும் பேச்சையும் பழக்கங்களையும் மீட்டெடுக்கும் நூல் அது. வெளிவந்த காலத்தை நோக்கினால் அதுவும் ஒருவகையில் போர்க்கால எழுத்தே. எனினும் அதில் மேலோங்கியிருப்பது உண்பவரின் நினைவு. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ நாவலிலோ வன்னியின் இறுதிக்கால இடப்பெயர்வு ஒரு மூதாட்டியின் பார்வையில் விரிகிறது. அடுப்பு, அரிசி, தண்ணீர், பதுங்குகுழி, பேரப்பிள்ளைகளின் பசி என்னும் வட்டத்துள் கதை இயங்குகிறது. இது சமைப்பவரின் நினைவு. உண்பவரின் நினைவு சுவையைப் பேணுகிறது. சமைப்பவரின் நினைவு அளவைப் பேணுகிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, விறகு எங்கிருந்து வந்தது, யார் உண்ணாமல் இருந்தார் என்பவற்றைச் சமைத்தவரே அறிவார். சாட்சியம் என்னும் நிலையில் இரண்டாவது நினைவு வலுவானது. இழந்தது இன்னதென உணர்த்துவதில் முதலாவதும் இன்றியமையாதது.

6. கஞ்சி

2009-இன் தொடக்க மாதங்களில் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான ஒடுங்கிய கடற்கரைப் பரப்பில் சிக்கியிருந்த மக்களை உயிரோடு வைத்திருந்தவற்றுள் கஞ்சி ஒன்று. அரிசி, நீர், உப்பு ஆகியவையே அதன் சேர்மானம். கஞ்சிக்கு நின்ற வரிசைகளும் எறிகணைக்குத் தப்பவில்லை எனச் சாட்சியங்கள் கூறுகின்றன. போர் முடிவுற்ற மே 18-ஐ ஒட்டிய வாரத்தில் வடக்கு கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் ‘முள்ளிவாய்க்கால் கஞ்சி’ காய்ச்சி வழங்குவது இன்று நினைவுகூரலின் முதன்மை வடிவமாகிவிட்டது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காக நால்வர் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டனர். ஓர் எளிய உணவு சட்டத்தின் கவனத்துக்கு உரியதாகும் அளவுக்கு நினைவின் பாரத்தைச் சுமக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

இந்நினைவுகூரலின் ஆற்றல் அதன் எளிமையில் உள்ளது. மேடையும் சிலையும் வேண்டா. பானையும் அரிசியும் போதும். நினைவு உடலுக்குள் செல்கிறது. ஆயினும் ஒரு நுட்பமான இடர் உண்டு. கஞ்சி ஈழத்தமிழர் வாழ்வில் வறுமையின் உணவாக மட்டும் இருந்ததில்லை. பால்கஞ்சி, உளுத்தங்கஞ்சி, இலைக்கஞ்சி எனப் பலவகைக் கஞ்சிகள் காலையிலும் நோயிலும் பிள்ளைப்பேற்றிலும் நோன்பிலும் இடம்பெற்றன. ஒடியற்கூழும் தட்டுப்பாட்டுக் காலங்களில் பனையை நம்பி வாழ்ந்த மக்களின் உணவாக இருந்து, பின்னர் விருந்தாக உயர்ந்ததே. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துப் பலமுறை பிழிந்து அதன் கைப்பை நீக்கும் கைப்பக்குவத்தில் வறுமையை விருந்தாக்கிய பட்டறிவு அடங்கியுள்ளது. முள்ளிவாய்க்காலில் பறிபோனது அப்பட்டறிவுக்கான வாய்ப்பு. தேங்காய்ப்பாலும் இலையும் பயறும் நீங்கிய கஞ்சியே அங்கு எஞ்சியது. நீங்கியவை எவை எனத் தெரியாதவருக்கு அது வெறும் உப்பிட்ட சோற்றுநீராகவே தோன்றும்.

இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே. 2009-க்குப் பின் பிறந்தோர் இன்று பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் பலர் கஞ்சியை நினைவுச் சடங்கின் வழியே அறிவர். கூழையும் முற்றத்துத் திரைக்காட்சியையும் அறிவிக்கும் சடங்கு எதுவும் இல்லை. கஞ்சி மட்டுமே கையளிக்கப்படுமாயின், தம் முன்னோர் எவ்வாறு இறந்தனர் என்பதை அத்தலைமுறை அறியும். எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறியாது. கொல்லப்பட்டோர் கொல்லப்பட்டவர்களாக மட்டுமே நினைவில் எஞ்சுவர். போர் அவர்களுக்கு இழைத்த குறுக்கத்தை நினைவுகூரலும் அறியாமலே தொடர்வதாகிவிடும்.

புலம்பெயர் சூழலில் இதன் மறுதலை நிகழ்கிறது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மா கிடைக்கிறது. கோடைக்கால ஒன்றுகூடல்களில் கூழ் காய்ச்சப்படுகிறது. அங்குக் கூழ் ஏக்கத்தின் உணவாகவும் கஞ்சி துக்கத்தின் உணவாகவும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு அவைகளில் பரிமாறப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேச்சு நகர்வது அரிது. இப்பிரிவு நினைவைச் சுமக்கத்தக்கதாக்குகிறது. அதேவேளை, இரண்டையும் குறைவுபடுத்துகிறது. கஞ்சியை அறியாத கூழ் பொற்கால ஏக்கமாகவும், கூழை அறியாத கஞ்சி வரலாறற்ற துயராகவும் முடியக்கூடும்.

7. முடிவுரை

பரணியில் கூழ் வென்றோரைப் பாடிற்று. ஈழத்து நினைவெழுத்தில் கூழும் கஞ்சியும் இழந்தோரின் பக்கம் நின்று பேசுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து வாசிக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, அன்றாட இன்பங்கள் போர் எழுத்தின் அலங்காரம் அல்ல. இன்மையை அளப்பதற்கு முன்பிருந்ததன் அளவு தெரியவேண்டும். இரண்டாவது, போரின் நடுவிலும் இன்பத்தை நாடியது பொறுப்பின்மையாகாது. தம் தேவை எதுவெனத் தாமே வரையறுக்கும் உரிமையை அது காத்தது. மூன்றாவது, யாருக்கு எந்த இன்பம் மறுக்கப்பட்டது எனக் கேட்பதன்வழி, இன்பத்தின் நினைவு ஏக்கமாகத் தேங்காமல் சமூகத் திறனாய்வாக வளர இயலும்.

இதிலிருந்து ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறைக் கடமையும் எழுகிறது. போர்க்கால வாழ்வு குறித்து வாய்மொழி வரலாறு திரட்டுவோர் இடப்பெயர்வின் நாள்களையும் இழப்புகளையும் கேட்பதோடு, அக்காலத்தில் எதைச் சமைத்தீர்கள், எந்தப் படத்தை யாருடன் பார்த்தீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்றும் கேட்கவேண்டும். சமைத்த பெண்களிடமும், பானையைச் சுற்றி அமர அனுமதிக்கப்படாதவர்களிடமும் இவ்வினாக்களைத் தவறாது முன்வைக்கவேண்டும். ஈழத்து அச்சுப்பண்பாட்டை எண்ணிமப்படுத்திப் பேணும் நூலகம் போன்ற முயற்சிகள் முன்னுதாரணமாக உள்ளன. அச்சேறாத இவ்வகை நினைவுகளோ அவற்றைச் சுமப்போருடன் மறைந்துகொண்டிருக்கின்றன. மே மாதத்துக் கஞ்சியைக் கையில் ஏந்தும் ஒரு மாணவி, அதில் எவையெல்லாம் இல்லை என்று கேட்டால் விடைசொல்ல இன்னும் ஆட்கள் உள்ளனர். அவ்விடைகளைப் பதிவுசெய்வது காலம் தாழ்த்தக்கூடாத பணி.